கண்ணாடித் தொட்டியும் முத்துச்சரமும்

உயிர்களை அடைத்து வைத்துப் பார்த்து மகிழ்வது அஹிம்சை நெறியினர்க்குத் தகுமா? இவ்வினா எனக்கு ஏடுகளிலிருந்து எழவில்லை. 2024ஆம் ஆண்டு டிசம்பர் மாத அரையாண்டு விடுமுறையில், எட்டாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தியின் வாயிலிருந்து எழுந்தது. அன்று தொடங்கிய சிந்தனையை நம் இதழன்பர்களின் முன் வைக்க விரும்புகிறேன்.

மதுரையில் பணியாற்றும் என் மகன், ஒரு நாள் காலையில் மண்டபம் சென்று, அங்குள்ள கடல்வாழ் உயிரினக் காட்சிச்சாலையைக் கண்டு, அன்றே திரும்பிவிடலாம் என்றான். நான் தயங்கினேன்.

"மீனைக் கொன்று தின்பது பாவம் என்று சொல்லும் நாம், அதனைச் சிறையில் வைத்துக் காசு கொடுத்துப் பார்க்கலாமா?" என்றேன்.

"கண்ணால் காணாத ஓர் உயிரின்மேல் அன்பு எப்படியம்மா பிறக்கும்? வகுப்பில் நீங்கள் சொல்லிக்கொண்டிருந்தது அதுதானே?" என்று அவன் மறுமொழி கூறினான்.

நான் சொன்ன சொல்லே என்னைத் தேடி வந்தது. வேறு விடை கூற இயலாமல் புறப்பட்டேன்.

என் தயக்கத்திற்கு வேறொரு காரணமும் இருந்தது. அதனை அன்று மகனிடம் சொல்லவில்லை. 1970களின் தொடக்கத்தில் நான் ஆசிரியப் பயிற்சி பெற்றபோது, சொல்லிக் கற்பிப்பதினும் காட்டிக் கற்பிப்பதே மேல் என்று எங்களுக்கு நாள்தோறும் வலியுறுத்தினார்கள். அதனை அப்படியே உள்ளத்தில் வாங்கிக்கொண்ட நான், பணியேற்ற சில ஆண்டுகளில், சிற்றூர்ப் பள்ளி ஒன்றில், ஏரிக் கால்வாயிலிருந்து தலைப்பிரட்டைகளைக் கண்ணாடிக் குடுவையில் பிடித்துவரச் செய்தேன். வால் சுருங்கிக் கால் முளைத்துத் தவளையாகும் விந்தையைப் பிள்ளைகள் தம் கண்ணாலேயே காண வேண்டும் என்பது என் அவா. பின்னங்கால்கள் அரும்பிய நிலையில் பொங்கல் விடுமுறை வந்தது. குடுவையை மறந்து ஊருக்குச் சென்றுவிட்டேன். திரும்பி வந்து பார்த்தபோது ஓர் உயிரும் எஞ்சவில்லை. பிள்ளைகள் வருவதற்கு முன் குடுவையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

"எல்லாம் தவளையாகித் தாவிப் போய்விட்டனவா டீச்சர்?" என்று ஒரு சிறுவன் கேட்டான். "ஆம்" என்றேன். இரண்டு அணுவிரதங்களை ஒரே வாரத்தில் இழந்தவள் நான்.

மண்டபம், பாம்பன் பாலத்திற்கு இப்பால், வடக்கே பாக் விரிகுடாவும் தெற்கே மன்னார் வளைகுடாவும் சூழ்ந்த நிலமுனை. 1947இல் தொடங்கப்பெற்ற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இங்குதான் வளர்ந்தது. தலைமையகம் 1971இல் கொச்சிக்கு மாறிய பின்னும், மண்டபத்தில் அதன் நிலையம் தொடர்ந்து இயங்கி வருகிறது. காட்சிச்சாலை அதன் வளாகத்தில் உள்ளது. 'மண்டபம் முகாம்' என்னும் பெயர்க்கும் ஒரு வரலாறு உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குச் சென்ற நம் தமிழ் மக்களைக் கப்பலேற்றுவதற்கு முன், நோய்ப் பரிசோதனையின் பொருட்டு அடைத்து வைத்திருந்த முகாம் அது. மனிதரை அடைத்த இடத்தில் இன்று மீன்கள் இருக்கின்றன என்னும் எண்ணத்துடனேயே உள்ளே நுழைந்தேன்.

ஆயினும், தொட்டிகளின் முன் நின்றதும் என்னையறியாமல் நான் மீண்டும் ஆசிரியை ஆகிவிட்டேன். மயிர்போன்ற கைகளை அசைக்கும் கடல் சாமந்தியும், அதன் நச்சுக் கைகளுக்கு நடுவே அச்சமின்றி நுழைந்து வெளிவரும் கோமாளி மீனும், பாறையிடுக்கில் வாயைத் திறந்து திறந்து மூடும் அஞ்சாலையும், வாலினால் தண்டைப் பற்றிக்கொண்டு நிமிர்ந்து நிற்கும் கடல் குதிரையும் என் கண்ணைக் கவர்ந்தன. கடல் குதிரை இனத்தில் கருவைச் சுமப்பது தந்தையே என்று பணியாளர் ஒருவர் கூறியபோது, பேத்தி தன் தந்தையைப் பார்த்துச் சிரித்தாள். கடல் அட்டைகள், கடல் குதிரைகள், பவளப்பாறைகள் ஆகியவை 2001ஆம் ஆண்டில் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டன என்பதையும் அவளுக்கு எடுத்துரைத்தேன். இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களுள் புஷ்பதந்தர்க்கு மகரம், அரநாதர்க்கு மீன், முனிசுவிரதர்க்கு ஆமை, நேமிநாதர்க்குச் சங்கு என நால்வர்க்கு நீர்வாழ் உயிர்களே இலாஞ்சனம் என்பதையும் அங்கே நினைவூட்டினேன்.

ஒரு தொட்டியில் கலவாய் மீன் ஒன்று இருந்தது. நீர் தெளிவாக இருந்தது. உணவுக்கும் குறைவில்லை என்றே தோன்றியது. ஆனால் அது ஒரு முனைவரை வந்து திரும்பும். மறுமுனைவரை சென்று திரும்பும். மீண்டும் அதே இடத்தில் திரும்பும். பார்க்க வந்த ஒருவர் அது தம் பக்கம் வரவேண்டுமென்று கண்ணாடியை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். பேத்தி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்:

"பாட்டி, இந்த மீன் யாருக்காக இங்கே இருக்கிறது?"

நான் துணுக்குற்றேன். பகவான் நேமிநாதர் வினவிய வினாவும் அதுவேயன்றோ! மணக்கோலத்தில் ராஜமதியின் இல்லம் நோக்கித் தேரூர்ந்து சென்றவர், வழியில் பட்டியில் அடைபட்டுக் கதறும் விலங்குகளைக் கண்டார். எதற்காக இவை அடைக்கப்பட்டுள்ளன என்று தேரோட்டியை வினவினார். தம் திருமண விருந்திற்காகவே என்று அறிந்ததும் அவற்றை விடுவிக்கச் செய்து, மணத்தைத் துறந்து, ஊர்ஜயந்தகிரிக்கு ஏகினார். மயிலாப்பூரின் கடற்கரையருகே எழுந்தருளியிருந்த அவர்தம் திருவுருவம், கடல் பெருகிவந்தமையால் மேல்சித்தாமூர்க்குக் கொண்டுவரப்பட்டது என்பது நம் மரபு. சிறுவயது முதல் நாம் கேட்டுவரும் அவ்வரலாற்றில் ஒன்றை நான் அன்றுவரை உற்று நோக்கியதில்லை. அப்பட்டியை அமைத்தவர் அவரல்லர். விலங்குகளைப் பிடித்தவரும் அவரல்லர். ஆயினும், "எனக்காக" என்று அறிந்த கணமே அது தம் வினை என்று கொண்டார். காட்சிச்சாலையில் சீட்டு வாங்கி நுழையும் நாம் ஒவ்வொருவரும் அந்த மணமகன் இடத்தில்தான் நிற்கிறோம்.

"நமக்காகத்தான் அம்மா" என்றேன். இம்முறை பொய் சொல்லவில்லை.

தொட்டிகளைக் கடந்து, பதப்படுத்திய உயிரினங்களும் ஓடுகளும் வைக்கப்பட்ட பகுதிக்குச் சென்றோம். அங்கே முத்துச்சிப்பி இருந்தது. உடலுக்குள் புகுந்த அயற்பொருளின் உறுத்தலைத் தாங்கமாட்டாத சிப்பி, தன் ஓட்டின் உட்புறத்தைப் பூசும் பொருளையே அதன்மேல் அடுக்கடுக்காகச் சுரந்து மூடுகிறது, அதுவே முத்து. மன்னார் வளைகுடாவில் மூச்சடக்கி மூழ்குவோர் சிப்பிகளை மூட்டை மூட்டையாக எடுத்து வந்தனர். கரையில் அவற்றைக் குவித்து அழுகவிட்டு, பின்னர்க் கழுவி முத்தைத் தேடினர். எத்தனையோ சிப்பிகளுள் ஒன்றில்தான் நல்முத்து அகப்படும். தூத்துக்குடிக் கடலில் இவ்வகை முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961இல்.

இதனை விளக்கிக்கொண்டே வந்த நான், பேத்தியின் பார்வை சிப்பியில் இல்லை என்பதைக் கண்டேன். அவள் என் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே செல்லும்போது மட்டும் நான் அணிவது என் அன்னையின் முத்துச்சரம். தூத்துக்குடி முத்து என்று அவர் பெருமையோடு சொல்வார். அவள் திருமணத்தின்போது அவளுக்கே தருவதாக நான் வாக்களித்திருந்தது.

"பாட்டி, இதற்கு எத்தனை சிப்பிகள்?" என்றாள்.

அன்றிரவு எண்ணிப் பார்த்தேன், அறுபத்திரண்டு முத்துகள். சிப்பிகள் எத்தனை என்பதை யார் எண்ணினார்?

அன்பர்களே, நம் வாழ்க்கை முறையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை. நீரை வடிகட்டிப் பருகுகிறோம். நோன்பு நாள்களில் ஓரறிவுயிர்கள் மிகுதியாக உள்ள கிழங்குகளை விலக்குகிறோம். சங்கும் சிப்பியுமோ, மெய்யுணர்வும் சுவையுணர்வும் உடைய ஈரறிவுயிர்கள் என்று நம் ஆகமங்களே வகுத்துள்ளன. ஓரறிவுயிர்க்காக நாவை அடக்கும் நாம், ஈரறிவுயிரின் அழிவைக் கழுத்தில் அணிந்துகொண்டு ஆலயத்திற்கும் செல்கிறோம். மீன் தொட்டியைப் பார்க்கப் போகலாமா என்று அஞ்சிய எனக்கு, கழுத்தில் கிடந்தது ஐம்பது ஆண்டுகளாக உறுத்தவில்லை. காரணம் எளிது. தொட்டியில் உயிர் கண்முன் இருந்தது. முத்தில் உயிர் கண்ணுக்கு மறைந்திருந்தது.

வினை மூவகையால் சேரும் என்பது நம் கொள்கை: தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்ததற்கு உடன்படுதல். முதலிரண்டையும் நாம் பெரும்பாலும் தவிர்க்கிறோம். மூன்றாவது நம்மை அறியாமலே நுழைந்துவிடுகிறது. தத்துவார்த்த சூத்திரம் அருளிய உமாஸ்வாமி ஆசாரியர், உயிர்க்கு ஊறு நேர்வதை மட்டும் கொலை என்று வரையறுக்கவில்லை. கருத்தின்மையோடு கூடிய செயலால் ஊறு செய்வதையே கொலை என்றார். கருத்தின்மை என்பது காணத் தவறுதல். கண்டும் கேட்கத் தவறுதல். குடுவையை மறந்தது கருத்தின்மை. அதனைக் கழுவிக் கவிழ்த்தது, பிறர் காணாதவாறு அக்கருத்தின்மையை மறைத்தது. எனவே, காணாதிருத்தல் அஹிம்சை ஆகாது. உயிர்வதை நடக்கும் இடத்தை எட்டிப் பாராமல் இருப்பதாலேயே நாம் தூயவர்கள் ஆகிவிடுவதில்லை.

இதற்கு மறுப்புகள் எழும். என் இல்லத்திலேயே எழுந்தன. "இச்சிப்பிகள் இறந்து முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகிறது. இன்று அணிவதால் எந்த உயிர் சாகும்?" என்று மருமகள் கேட்டாள். நியாயமான வினா. அணிவதால் எந்த உயிரும் சாவதில்லை என்பது மெய். ஆனால், நான் அணிய, "எவ்வளவு அழகாயிருக்கிறது! எங்கே வாங்கினீர்கள்?" என்று எத்தனை பெண்கள் கேட்டிருக்கிறார்கள்! அவர்களுள் சிலராவது வாங்கியிருப்பார்கள். நான் புதிதாக ஒன்றும் வாங்காமலே பலரை வாங்கச் செய்திருக்கிறேன்.

"வளர்ப்பு முத்து இருக்கிறதே" என்பது அடுத்த மறுப்பு. தூத்துக்குடியில் 1973இல் நம் நாட்டு அறிவியலார் வளர்ப்பு முத்தை உருவாக்கி வெற்றி கண்டனர். அம்முறையில் ஒரு சிப்பியைக் கொன்று அதன் மேலுறைச் சதையைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒரு மணியோடு சேர்த்து மற்றொரு சிப்பியின் உடலைக் கீறிப் பதிக்கின்றனர். கடலடியைச் சூறையாடுவதினும் இது மேல் எனலாம். ஹிம்சையற்றது எனல் இயலாது. கண்ணாடி மணியால் ஆன போலி முத்தில்கூட, மீன் செதிளிலிருந்து எடுத்த பளபளப்பைப் பூசும் வகை உண்டு. எதையும் கேட்டறிந்த பின்னரே வாங்குதல் வேண்டும். பட்டைப் பற்றி நம்முள் பலர் கேட்கத் தொடங்கிவிட்டோம். முத்தையும், மத்தியதரைக் கடலிலிருந்து வரும் பவளத்தையும், இராமேசுவரத்திற்குச் செல்வோர் நினைவுப்பொருளாக வாங்கி வரும் சங்கு சிப்பிகளையும் பற்றி இன்னும் கேட்கத் தொடங்கவில்லை.

இனி, முதல் வினாவிற்கு வருகிறேன். காட்சிச்சாலைக்குச் செல்லலாமா?

இரு பக்கமும் சீர்தூக்கிப் பார்க்கிறேன். 1950களின் இறுதியில் மண்டபத்தில் ஓர் இணைக் கடற்பசுக்களைத் தொட்டியில் வைத்து ஆராய்ந்தார்கள். கடற்புல்லை மேய்ந்து வாழும் உயிர் அது. "கடலிலும் நம்மைப்போலச் சைவம் உண்ணுவோர் இருக்கிறார்களே!" என்று பேத்தி வியந்தாள். அவ்வுயிரைப் பற்றிப் பல்லாண்டுகளாகப் பலர் திரட்டிய அறிவும், அதனால் பிறந்த பரிவும் சேர்ந்தே, 2022ஆம் ஆண்டில் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர்ப் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவிக்க வழிசெய்தன. கோமாளி மீனைக் கடலில் பிடிக்காமல் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கச் செய்யும் முறையையும் மண்டபத்தில் கண்டறிந்துள்ளனர். இவை நன்மைகளே. ஆனால், தொட்டியில் வாழ்ந்து முடிந்த அவ்விரு கடற்பசுக்களுக்கு இப்பாதுகாப்பகத்தால் என்ன பயன்? ஓர் உயிரின் துன்பத்தை மற்றோர் உயிரின் நன்மையால் கழித்துக் கணக்கை நேராக்க நம் அறம் இடந்தருவதில்லை. என் சிந்தனையாலும் அந்தக் கலவாய் மீனுக்கு ஒரு முழம் கடல் கூடுதலாகக் கிடைக்கப்போவதில்லை.

ஆகவே, போவதே தவறு என்றும் நான் கூறேன். போவதில் தவறே இல்லை என்றும் கூறேன். அதனைக் கடன் என்று கொள்கிறேன். அங்கே அடைபட்ட உயிர்களிடம் நாம் கடன்பட்டு வெளிவருகிறோம். வாயிலில் நுழையுமுன் மூன்று வினாக்களைத் தன்னையே கேட்டுக்கொள்ளுதல் நலம். இவ்வுயிர்கள் எங்கிருந்து வந்தன? யாருக்காக இங்கு உள்ளன? கண்டபின் நான் எதனை விடப்போகிறேன்? முதலிரண்டிற்கும் விடையை உள்ளே கேட்டறியலாம். மூன்றாவதற்கு விடை தேட மனமில்லாதவர் செல்ல வேண்டா; அவர்க்கு அது வேடிக்கை மட்டுமே, அவ்வேடிக்கைக்காகவே உயிர்கள் அடைபட்டனவாகும். பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் இது இருமடங்கு பொருந்தும். தொட்டியில் ஒன்று இறந்து கிடந்தால், பிள்ளைகளின் கண்ணை மூடி அழைத்துச் செல்லாதீர்கள்.

திரும்பும் வழியில், பரமக்குடியைத் தாண்டி ஒரு வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி, பொழுது சாயுமுன் கொண்டுவந்திருந்த எலுமிச்சைச் சோற்றை உண்டோம். அப்போது பேத்தியிடம் அந்தக் குடுவையின் கதையைச் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொல்லாதது. மகனும் கைகழுவாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அந்தப் பையனுக்கு இப்போது என்ன வயது இருக்கும், பாட்டி?"

"ஐம்பத்தைந்து ஆகியிருக்கும்."

"அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டீர்களா?"

இல்லை என்று தலையசைத்தேன்.

முத்துச்சரம் இப்போது பெட்டியில் இருக்கிறது. விற்றால் வேறொருவர் கழுத்தில் ஏறும். அதன் விலை என் கையில் ஏறும். ஆகையால் விற்கவில்லை, அணியவும் இல்லை. பேத்திக்குத் தருவதாகச் சொன்ன வாக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். மருமகளுக்கு இதில் மனக்குறை உண்டு. அன்னையின் நினைவாயிற்றே என எனக்கும் உண்டு. விடுவதற்கு வலிக்காத ஒன்றை விடுதலைத் துறவு என்று சொல்வாரும் இலர்.

இனி எஞ்சியிருப்பது ஒரு கடன். அந்தச் சிறுவன் நம் சமுதாயத்துப் பிள்ளை. இன்று எந்த ஊரில் வாழ்கிறார் என்று அறியேன். எனினும் இவ்விதழ் அவர் இல்லத்திற்கும் செல்லக்கூடும். அவர்க்கு இங்கே சொல்கிறேன்: தம்பி, அவை தவளையாகித் தாவிப் போகவில்லை. என் மறதியால் இறந்துபோயின. உன்னிடம் பொய் சொன்னேன். பொறுத்தருள்க.